நோட்.ஜேஎஸ் நிரலிலிருந்து கோப்பு இணைத்து மின்னஞ்சல் அனுப்புவது எப்படி?

கட்டணம் செலுத்தியவருக்கு ரசீது, விண்ணப்பித்தவருக்கு நுழைவுச்சீட்டு, மேலாளருக்கு மாதாந்திர எக்செல் அறிக்கை. எந்த இணையச் செயலியை எடுத்துக்கொண்டாலும், ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு கோப்பை மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். நிரலைப் பொறுத்தவரை இருபது வரிகளுக்குள் முடிகிற வேலைதான். ஆனால் அந்த இருபது வரிகளை எழுதி முடித்த பிறகுதான் விதவிதமான புகார்கள் வரும்: பிடிஎஃப் திறக்கவில்லை, சொந்தக் கணினியில் போகிற அஞ்சல் சர்வரிலிருந்து போகவில்லை, தமிழில் வைத்த கோப்புப் பெயர் குப்பையாகத் தெரிகிறது. இந்தப் புகார்களில் பெரும்பாலானவை நிரல் எழுதத் தெரியாததால் வருபவை அல்ல. இணைப்பு என்பது கடிதத்துக்குள் எப்படி உட்காருகிறது என்று பார்க்காமல் விட்டதால் வருபவை. அதனால் இந்தக் கட்டுரையில் கட்டளைகளுக்குக் கொடுக்கும் அளவு இடத்தை அதற்கும் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, கட்டண ரசீதைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பும் நிரலை எழுதுவோம். உங்கள் கணினியில் நோட்.ஜேஎஸ் இருக்கிறது, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை டெர்மினலில் ஓட்டத் தெரியும், அசிங்க், அவெயிட் என்ற சொற்கள் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் பண்புகளின் பெயர்களையும் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சிறிய எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். நடுவில் பெரிய எழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது சர்வரில் ஓடும் நிரலுக்கு மட்டும். உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டால் அஞ்சல் சர்வரோடு நேரடியாகப் பேச முடியாது. பேச முடிந்தாலும், உங்கள் அஞ்சல் கடவுச்சொல்லைப் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவர் கையிலும் கொடுத்ததாக ஆகிவிடும். உலாவியில் ஒரு பொத்தான் இருக்கலாம். அது சர்வரைக் கூப்பிட வேண்டும். அஞ்சலைச் சர்வர்தான் அனுப்ப வேண்டும்.

படி 1: நிறுவுதல்

நோட்.ஜேஎஸ்ஸோடு அஞ்சல் அனுப்பும் வசதி சேர்ந்து வருவதில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலோர் பயன்படுத்துவது நோட்மெயிலர் என்ற பேக்கேஜ். 2010இல் தொடங்கியது, வேறு எந்தப் பேக்கேஜையும் சார்ந்திருப்பதில்லை. இந்தக் காலத்தில் ஒரு பேக்கேஜை நிறுவினால் கூடவே நூறு வந்து இறங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் சென்று, 'என்பிஎம் இனிட் -ஒய்' என்றும், அடுத்து 'என்பிஎம் இன்ஸ்டால் நோட்மெயிலர்' என்றும் கட்டளை கொடுங்கள். நிரல் கோப்புக்கு எம்ஜேஎஸ் என்ற பின்னொட்டு வையுங்கள். அப்போது இம்போர்ட் கட்டளையும், கோப்பின் மேல்மட்டத்திலேயே அவெயிட்டும் தடையின்றி வேலை செய்யும்.

படி 2: கடவுச்சொல்லை நிரலுக்கு வெளியே வைத்தல்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுபவர்கள்தான் கடவுச்சொல்லைக் கிட்ஹப்பில் ஏற்றிவிடுகிறார்கள். எனவே இப்போதே செய்துவிடுவோம். புள்ளியில் தொடங்கும் '.என்வ்' என்ற கோப்பை உருவாக்கி, ஹோஸ்ட், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் வரிக்கு ஒன்றாக, சமக்குறி போட்டு எழுதுங்கள். அந்தக் கோப்பின் பெயரை '.கிட்இக்னோர்' கோப்பில் சேருங்கள். நோட்.ஜேஎஸ் 20.6 பதிப்பிலிருந்து, நிரலை ஓட்டும்போது '--என்வ்-ஃபைல்=.என்வ்' என்று சேர்த்தாலே போதும், மதிப்புகள் 'பிராசஸ்.என்வ்' வழியாகக் கிடைத்துவிடும். இதற்கென்று தனிப் பேக்கேஜ் இனி தேவையில்லை.

படி 3: சோதனைக் கணக்கோடு தொடங்குதல்

எடுத்த எடுப்பில் உண்மையான அஞ்சல் கணக்கோடு தொடங்காதீர்கள். லூப்பில் ஒரு சிறு பிசகு நேர்ந்தால் ஒரே வாடிக்கையாளருக்கு நாற்பது ரசீது போய்விடும். ஈத்தரியல் என்ற இலவசச் சேவை ஒன்று இருக்கிறது. அதுவும் நோட்மெயிலரை எழுதியவருடையதே. அது ஓர் உண்மையான அஞ்சல் சர்வரைப் போலவே உங்கள் நிரலோடு பேசும், கடிதத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் யாருக்கும் அனுப்பாது. வாங்கிய கடிதத்தை இணையப் பக்கத்தில் திறந்து காட்டும். இணைப்பையும் அங்கேயே பார்க்கலாம்.

நிரலில் நோட்மெயிலரை இம்போர்ட் செய்துகொண்டு, 'கிரியேட்டெஸ்ட்அக்கவுன்ட்' என்ற செயற்கூற்றை அவெயிட்டோடு அழையுங்கள். டெஸ்ட், அக்கவுன்ட் இரண்டின் முதல் எழுத்தும் பெரியவை. புதிய சோதனைக் கணக்கு ஒன்றின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திரும்பி வரும்.

படி 4: டிரான்ஸ்போர்ட்டர்

அடுத்து 'கிரியேட்டிரான்ஸ்போர்ட்'டை அழைக்க வேண்டும். அது திருப்பித் தருவதுதான் டிரான்ஸ்போர்ட்டர், அதாவது சர்வரோடு பேசிக் கடிதத்தை அனுப்பும் ஆப்ஜெக்ட். இதில் டிரான்ஸ்போர்ட்டின் முதல் எழுத்து பெரியது. அதற்குள் ஓர் ஆப்ஜெக்ட் போகிறது. அதில் நான்கு பண்புகள்: ஹோஸ்ட், போர்ட், செக்யூர், ஆத். ஆத் என்பது மறுபடி ஓர் ஆப்ஜெக்ட். அதற்குள் யூசர், பாஸ். ஈத்தரியலுக்கு ஹோஸ்ட் 'எஸ்எம்டிபி.ஈத்தரியல்.இமெயில்', போர்ட் 587, செக்யூர் ஃபால்ஸ்.

செக்யூர் ஃபால்ஸ் என்று எழுதக் கை தயங்கும். அது பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்வதாகப் புதியவர்கள் நினைத்து ட்ரூ என்று மாற்றுகிறார்கள். உடனே 'ராங் வெர்ஷன் நம்பர்' என்ற புரியாத பிழை வருகிறது. நடப்பது இதுதான். 465ஆம் போர்ட்டில் முதல் நொடியிலிருந்தே உரையாடல் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அதற்கு செக்யூர் ட்ரூ. 587ஆம் போர்ட்டில் உரையாடல் வெளிப்படையாகத் தொடங்கி, 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' என்ற கட்டளைக்குப் பிறகு மறைகுறியாக்கத்துக்கு மாறும். அதற்கு செக்யூர் ஃபால்ஸ். மாறாமல் கடவுச்சொல்லை அனுப்பிவிடக் கூடாது என்று உறுதி செய்ய விரும்பினால் 'ரிக்வயர்டிஎல்எஸ்' என்ற பண்பை ட்ரூ ஆக்குங்கள். அதில் டிஎல்எஸ்ஸின் மூன்று எழுத்தும் பெரியவை. 465 என்றால் ட்ரூ, 587 என்றால் ஃபால்ஸ். இந்த ஜோடியை மாற்றாதீர்கள்.

டிரான்ஸ்போர்ட்டர் தயாரானதும் அதன் 'வெரிஃபை'யை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். சர்வர் முகவரி சரியா, போர்ட் திறந்திருக்கிறதா, கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா என்ற மூன்றையும் கடிதம் எதுவும் அனுப்பாமலே சோதித்துச் சொல்லிவிடும். சிக்கல் தொடர்பிலா, கடிதத்திலா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதை இது தவிர்க்கும்.

படி 5: இணைப்பு இல்லாத கடிதம்

டிரான்ஸ்போர்ட்டரின் 'சென்ட்மெயில்' (எம் பெரியது) ஓர் ஆப்ஜெக்ட்டை வாங்கிக்கொள்ளும். ஃபிரம், டு, சப்ஜெக்ட், டெக்ஸ்ட், எச்டிஎம்எல் ஆகியவை அதன் பண்புகள். எச்டிஎம்எல் வடிவம் கொடுத்தாலும் டெக்ஸ்ட்டையும் கொடுங்கள். எளிய வடிவத்தில் மட்டும் அஞ்சல் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சென்ட்மெயிலுக்கு முன்னால் அவெயிட் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் பிழை நேர்ந்தாலும் உங்கள் ட்ரை, கேட்ச் அதைப் பிடிக்காது. நிரல் அஞ்சல் போய்விட்டதாக நினைத்து அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடும். திரும்பி வரும் பதிலை 'கெட்டெஸ்ட்மெசேஜ்யூஆர்எல்' செயற்கூற்றுக்குக் கொடுத்தால், ஈத்தரியலில் கடிதத்தைப் பார்க்க ஒரு சுட்டி கிடைக்கும்; டெஸ்ட், மெசேஜ் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், யூஆர்எல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியது. அந்தப் பக்கத்தில் கடிதம் சரியாகத் தெரிகிறவரை இணைப்பின் பக்கம் போக வேண்டாம்.

படி 6: இணைப்பு

அதே ஆப்ஜெக்ட்டில் 'அட்டாச்மென்ட்ஸ்' என்ற பண்பைச் சேருங்கள். அதன் மதிப்பு ஓர் அரே. ஒரே கோப்பாக இருந்தாலும் சதுர அடைப்புக்குறி வேண்டும். அரேயின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கோப்பைக் குறிக்கும் ஆப்ஜெக்ட். கோப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதை மூன்று விதமாகச் சொல்லலாம்.

கோப்பு வட்டில் இருந்தால் 'பாத்' என்ற பண்பில் அதன் இடத்தைக் கொடுங்கள். 'ஃபைல்நேம்' என்பது பெறுபவர் கண்ணில் படும் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வட்டில் எண்களாக இருக்கும் கோப்பைப் பெறுபவருக்கு ரசீது என்ற பெயரில் அனுப்பலாம். ஃபைல்நேம் கொடுக்காவிட்டால் பாத்தின் கடைசித் துண்டு பெயராகிவிடும். கோப்பு எந்த வகை என்பதையும் நோட்மெயிலர் அந்தப் பெயரின் பின்னொட்டைப் பார்த்தே முடிவு செய்கிறது. எனவே 'ரசீது' என்று மட்டும் எழுதிப் பின்னொட்டை விட்டுவிட்டால், பெறுபவரின் கைபேசிக்கு எதில் திறப்பது என்று தெரியாது.

கோப்பு நினைவகத்தில் பஃபராக இருந்தால் 'கன்டென்ட்' பண்பில் அந்தப் பஃபரைக் கொடுத்து, ஃபைல்நேமையும் கட்டாயம் கொடுங்கள். ரசீதை நிரலே உருவாக்குகிறது என்றால் இந்த வழியே எனக்குப் பிடித்தது. வட்டில் எழுதி, படித்து, பிறகு அழிக்கும் வேலை மிச்சம்.

மூன்றாவது, உலாவியிலிருந்து பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) ஸ்ட்ரிங்காக வந்த கோப்பு. கன்டென்ட்டில் ஸ்ட்ரிங்கைக் கொடுத்து, 'என்கோடிங்' என்ற பண்பில் 'பேஸ்64' என்று எழுதுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. உலாவியின் ஃபைல்ரீடர் தரும் ஸ்ட்ரிங் 'டேட்டா:' என்று தொடங்கி, கோப்பு வகையைச் சொல்லி, ஒரு காற்புள்ளிக்குப் பிறகுதான் உண்மையான உள்ளடக்கத்துக்கு வரும். முன்பகுதியை வெட்டாமல் கன்டென்ட்டில் கொடுத்தால் கோப்பு கெட்டுவிடும். காற்புள்ளி வரை வெட்டுங்கள்; அல்லது முழு ஸ்ட்ரிங்கையும் அப்படியே பாத்தில் கொடுங்கள். பாத் அந்த வடிவத்தை நேராகவே புரிந்துகொள்ளும்.

பாத்தில் இணைய முகவரியையும் கொடுக்கலாம். நோட்மெயிலரே இறக்கி இணைத்துவிடும். வசதிதான், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. அந்த முகவரி உள்நுழைவு கேட்கும் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், பிடிஎஃப் என்ற பெயரில் உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல் போய்ச் சேரும். யாரும் பிழை காட்ட மாட்டார்கள்.

கடிதத்துக்குள் நடப்பது என்ன?

மின்னஞ்சலைச் சர்வர்களுக்கிடையே கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறை 1982இல் எழுதப்பட்டது. அது ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டும் கொண்ட 7 பிட் உரையை வரிவரியாக அனுப்புவதற்கானது. படமோ ஒலியோ அதன் கணக்கில் இல்லை. பத்தாண்டு கழித்து நத்தானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டை வகுத்தார்கள். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன் தம் பாடல் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவையும் இணைத்து ஒரு கடிதம் அனுப்பினார். இன்று நீங்கள் அனுப்பப் போகும் ரசீதும் அதே முறையில்தான் போகிறது.

அந்த ஏற்பாடு பழைய விதிமுறையைத் தொடவே இல்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம். கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்துகளாக மாற்றுகிறது, இதுதான் பேஸ்64. அப்படிக் கிடைத்த எழுத்துகளை வரிக்கு 76 வீதம் மடிக்கிறது. கடிதத்தின் உரை, எச்டிஎம்எல், ஒவ்வோர் இணைப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு கோடுகளில் தொடங்கும் எல்லை வரி ஒன்றைப் போடுகிறது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் வகை, பெயர், குறியீட்டு முறை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அவ்வளவுதான். கடிதத்தோடு கோப்பு தனியாக ஒட்டிக்கொண்டு போவதில்லை. கடிதமே நீண்ட ஒரே உரை; கோப்பு அதன் நடுவில் எழுத்துகளாகக் கிடக்கிறது. ஜிமெயிலில் ஏதாவது ஒரு கடிதத்தைத் திறந்து, மெனுவில் மூல வடிவத்தைக் காட்டச் சொன்னால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதன் பிறகு கீழே வரும் எதுவும் வியப்பாக இருக்காது.

அளவு. 3 பைட் 4 ஆவதாலும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் 2 பைட் சேர்வதாலும், கோப்பு போகும் வழியில் 37 சதவீதம் வரை பெருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பரவலான அஞ்சல் சர்வரில், யாரும் மாற்றாத வரை, ஒரு கடிதத்தின் உச்ச அளவு 1,02,40,000 பைட். அதாவது ஏறக்குறைய 10 எம்பி. ஆனால் அதன் வழியே 8 எம்பி கோப்பு போகாது. 552 என்ற எண்ணோடு திரும்பிவிடும். 7 எம்பி போகும். ஜிமெயிலிலிருந்து அனுப்பும் இணைப்புகளுக்கான வரம்பு 25 எம்பி என்றாலும், பெறுபவரின் அலுவலகச் சர்வர் அவ்வளவு தாராளமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். என் கணக்கு எளிது: 5 எம்பிக்கு மேல் என்றால் இணைக்காதீர்கள். கோப்பைச் சர்வரில் வைத்து, குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும் சுட்டியை அனுப்புங்கள்.

கெட்டுப்போன பிடிஎஃப். கோப்பை நீங்களே 'ரீட்ஃபைல்' (ஃபைலின் முதல் எழுத்து பெரியது) கொண்டு படிக்கிறீர்கள் என்றால், இரண்டாவது மதிப்பாக 'யுடிஎஃப்8' கொடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். உரைக் கோப்புக்கு அது சரி. பிடிஎஃப்புக்கும் படத்துக்கும் அது நஞ்சு. எழுத்தாகப் பொருந்தாத பைட்டுகளை எல்லாம் நோட்.ஜேஎஸ் ஒரே மாற்றுக்குறியாக மாற்றிவிடும். மூல பைட்டுகள் போனது போனதுதான். அந்தக் கோப்பு போய்ச் சேரும், பெயர் சரியாக இருக்கும், அளவு மட்டும் பெரும்பாலும் கொஞ்சம் கூடியிருக்கும், திறந்தால் வெற்றுப் பக்கமோ பிழைச் செய்தியோ வரும். இரண்டாவது மதிப்பு இல்லாமல் படித்தால் பஃபர் கிடைக்கும். பஃபர்தான் வேண்டும்.

0 பைட் பிடிஎஃப். பிடிஎஃப்கிட் போன்ற பேக்கேஜால் ரசீதை உருவாக்கி, உடனே அதே வரிசையில் அனுப்பும்போது இது நேரும். ஆவணத்தின் 'எண்ட்' செயற்கூற்றை அழைத்தவுடன் கோப்பு வட்டில் முழுமையாக இருக்கும் என்பதில்லை. எழுதும் வேலை பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். எழுதும் ஸ்ட்ரீமின் 'ஃபினிஷ்' நிகழ்வு வரும்வரை காத்திருங்கள். அல்லது ஆவணத்திலிருந்து வரும் துண்டுகளை ஓர் அரேயில் சேர்த்து, 'எண்ட்' நிகழ்வு வந்ததும் 'பஃபர்.கன்கேட்' (பஃபரின் முதல் எழுத்து பெரியது) கொண்டு ஒன்றாக்கி, கன்டென்ட்டில் கொடுங்கள்.

எது எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பெற்ற கோப்பைச் சாதாரண உரைத் தொகுப்பானில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சரியான பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் முதலில் இருக்கும். கோண அடைப்புக்குறியில் தொடங்கினால் அது ஏதோ இணையப் பக்கம். 'டேட்டா' என்று தொடங்கினாலோ குழப்பமான எழுத்துகளாக இருந்தாலோ, முன்பகுதியை வெட்டாத பேஸ்64 பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள். முதல் வரி சரியாக இருந்தும் பக்கங்கள் வெறுமையாக வந்தால் யுடிஎஃப்8.

தமிழ்க் கோப்புப் பெயர்

கோப்பின் பெயரும் கடிதத்தின் தலைப்பகுதியில் போக வேண்டிய உரைதான். அங்கேயும் தமிழுக்கு நேரடி இடமில்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், துணைக்குறியும் தனியாக, யுடிஎஃப்8இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாற்றப்படும்போது ஒரு 'மா'வுக்கு 18 எழுத்துகள் ஆகின்றன. இந்த மாற்றத்தை நோட்மெயிலர் தானாகச் செய்துவிடுகிறது. இன்றைய அஞ்சல் செயலிகள் சரியாகக் காட்டுகின்றன. நீங்களாக எதையும் மாற்றப் போகாதீர்கள். இரண்டு முறை மாற்றினால் சதவீதக் குறிகளே பெயராகத் தெரியும்.

பெயர் உண்மையில் சிதைவது வேறோர் இடத்தில். பயனர் படிவத்தில் ஏற்றிய கோப்பை மல்ட்டர் (படிவக் கோப்புகளை வாங்கித் தரும் பேக்கேஜ்) வழியாக வாங்கி அனுப்புகிறீர்கள் என்றால், அது தரும் 'ஒரிஜினல்நேம்' லத்தீன்1 முறையில் படிக்கப்பட்டதாக இருக்கலாம். அப்போது தமிழ்ப் பெயர் மேற்குறியிட்ட ரோமன் எழுத்துகளின் குவியலாக வரும். அந்தப் பெயரை 'பஃபர்.ஃபிரம்' கொண்டு லத்தீன்1 என்று குறிப்பிட்டுப் பஃபராக்கி, யுடிஎஃப்8 ஸ்ட்ரிங்காகத் திருப்பினால் தமிழ் மீண்டுவிடும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு மல்ட்டரின் மெமரி ஸ்டோரேஜ் முறையில் கிடைக்கும் 'பஃபர்' பண்பை அப்படியே கன்டென்ட்டில் கொடுக்கலாம்.

பயனரிடமிருந்து வரும் எதையும் பாத் பண்பில் கொண்டுபோய் வைக்காதீர்கள். இணைக்க வேண்டிய கோப்பின் இடத்தைப் பயனரே சொல்ல முடிந்தால், யாரோ ஒருவர் உங்கள் '.என்வ்' கோப்பின் இடத்தைச் சொல்லி, கடவுச்சொல்லைத் தம் பெட்டிக்கு வரவழைத்துக்கொள்வார். நோட்மெயிலரில் 'டிஸேபிள்ஃபைல்அக்சஸ்', 'டிஸேபிள்யூஆர்எல்அக்சஸ்' என்று இரண்டு பண்புகள் இருக்கின்றன. ஃபைல், யூஆர்எல், அக்சஸ் ஆகியவற்றின் முதல் எழுத்து மட்டும் பெரியது. படிவத்திலிருந்து வரும் கோப்பை மட்டும் அனுப்பும் நிரல் என்றால் இரண்டையும் ட்ரூ ஆக்கிவிடுங்கள்.

படி 7: ஜிமெயிலுக்கு மாறுதல்

சோதனை முடிந்ததும் ஹோஸ்ட்டை 'எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்' என்று மாற்றி, போர்ட் 465, செக்யூர் ட்ரூ கொடுங்கள். வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் அந்த வழியை அடைத்துவிட்டது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அதன் பிறகு 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்க வேண்டும். 16 எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்து, ஒரே ஒருமுறை காட்டப்படும். இடைவெளிகளை நீக்கி '.என்வ்' கோப்பில் எழுதிவிடுங்கள். பின்னாளில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒரு காலையில் 535 என்று சொல்லி நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஃபிரம் பண்பில் வேறு முகவரியைக் கொடுத்தாலும், ஜிமெயில் அதை உள்நுழைந்த கணக்கின் முகவரியாகவே மாற்றி அனுப்பும். பதில் வேறிடத்துக்கு வர வேண்டுமென்றால் 'ரிப்ளைடு' பண்பைப் பயன்படுத்துங்கள். டு பெரிய எழுத்தில் தொடங்கும். இலவசக் கணக்குக்கு நாளொன்றுக்கு 500 அஞ்சல் என்ற வரம்பு உண்டு. இஎக்ஸ்இ, பேட், ஜார், ஜேஎஸ் போன்ற கோப்புகளை ஜிமெயில் ஏற்பதில்லை. ஜிப்புக்குள் ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடும். நிரல் கோப்புகளை அஞ்சலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

படி 8: சர்வரில் ஏற்றும்போது

சொந்தக் கணினியில் ஓடியது சர்வரில் ஓடாததற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும்.

ஒன்று, கோப்பின் இடம். பாத்தில் './ரசீதுகள்/' என்று தொடங்கி எழுதியிருந்தால், அது நிரல் கோப்பு இருக்கும் கோப்புறையைக் குறிக்காது. நிரலை எந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டினீர்களோ அதைக் குறிக்கும். உங்கள் டெர்மினலில் இரண்டும் ஒன்று. கிரான் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) ஓட்டினால் அது பயனரின் முகப்புக் கோப்புறை. சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) ஓட்டினால், வேறு எதுவும் சொல்லாதவரை, வட்டின் வேர். பிழைச் செய்தியில் 'இஎன்ஓஎன்ட்' என்று இருந்தால் இதுதான் கதை. எம்ஜேஎஸ் கோப்பில் 'இம்போர்ட்.மெட்டா.டிர்நேம்' தரும் கோப்புறையோடு 'பாத்.ஜாயின்' கொண்டு சேர்த்து முழு இடத்தையும் கொடுங்கள். இந்தப் பண்பு 20.11 பதிப்பிலிருந்து கிடைக்கிறது.

மற்றொன்று, போர்ட். எரிதம் (ஸ்பேம்) அனுப்புபவர்களைத் தடுக்க, கூகுள் கிளவுட் போன்ற சேவைகள் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை மூடி வைத்திருக்கின்றன. அந்தப் போர்ட் சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலானது. நமக்கு அது தேவையும் இல்லை. 465, 587 இரண்டையும் கூட அடைத்து வைக்கும் இடங்கள் உண்டு. அங்கே தொடர்பு நேரம் கடந்து 'இடைம்டுஅவுட்' என்று முடியும். அப்போது நிரலை நோண்டிப் பயனில்லை. அமேசான் எஸ்இஎஸ், மெயில்கன் போன்ற சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, அவர்களின் எச்டிடிபி வழியாக அனுப்ப வேண்டியதுதான்.

சொந்த டொமைன் பெயரிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றால், டிஎன்எஸ் பதிவுகளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் அமையுங்கள். இந்த டொமைன் சார்பில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று முதலாவது சொல்கிறது. கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு இரண்டாவது கையொப்பமிடுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரும் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் (இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) கட்டாயம். புதிய டொமைன், முன்பின் தெரியாத அனுப்புநர், கூடவே ஒரு பிடிஎஃப் என்றால் எரிதப் பெட்டியில் விழுவதற்கான எல்லாப் பொருத்தமும் கூடிவிடும்.

படி 9: நிறையப் பேருக்கு அனுப்புதல்

இருநூறு பேருக்கு ரசீது அனுப்ப வேண்டுமென்றால் டு பண்பில் இருநூறு முகவரிகளை அடுக்காதீர்கள். எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு கடிதம். டிரான்ஸ்போர்ட்டரை லூப்புக்கு வெளியே ஒருமுறை மட்டும் உருவாக்கி, 'பூல்' பண்பை ட்ரூ ஆக்குங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் புதிதாகக் கதவு தட்டாமல், திறந்த தொடர்பையே நோட்மெயிலர் திரும்பப் பயன்படுத்தும். வேலை முடிந்ததும் 'குளோஸ்' அழைக்க மறந்தால் நிரல் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பயனர் பொத்தானை அழுத்தியதும், அஞ்சல் போய் முடிகிறவரை அவரைக் காக்க வைக்கவும் வேண்டாம். வேலையை ஒரு வரிசையில் போட்டுவிட்டுப் பதில் சொல்லிவிடுங்கள். புல்எம்க்யூ போன்றவை இதற்கு உதவும். வரிசையில் கோப்பின் பஃபரைப் போடாமல், கோப்பு இருக்கும் இடத்தையோ ரசீது எண்ணையோ போடுங்கள். பஃபர் ஜேசனாக மாறித் திரும்பும்போது பஃபராக இருக்காது; எண்களின் நீண்ட அரேயைச் சுமந்த சாதாரண ஆப்ஜெக்ட்டாக வரும்.

பிழை வந்தால் மறுபடி அனுப்பலாமா என்பதைச் சர்வரின் பதில் எண்ணே சொல்லிவிடும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சில நிமிடங்கள் விட்டு முயலுங்கள். 5இல் தொடங்கினால் நிரந்தரம். 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பினால் உங்கள் டொமைனின் பெயர்தான் கெடும். இணைப்பை ஸ்ட்ரீமாகக் கொடுத்திருந்தால், மறுமுயற்சிக்குப் புதிய ஸ்ட்ரீமைத் திறக்க வேண்டும். ஒருமுறை படித்த ஸ்ட்ரீமில் இரண்டாம் முறை எதுவும் இருக்காது.

250 என்ற பதில் வந்துவிட்டதாலேயே தரவுத்தளத்தில் 'சேர்ந்தது' என்று எழுதாதீர்கள். உங்கள் சர்வர் கடிதத்தை ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். 'அனுப்பப்பட்டது' என்று எழுதி, பதிலில் வரும் மெசேஜ் ஐடியை ரசீது எண்ணோடு சேமித்துவையுங்கள். கடிதம் பிறகு திரும்பி வந்தால், திரும்பிய அஞ்சலுக்குள் பெரும்பாலும் அந்த ஐடி இருக்கும். யாருடைய ரசீது நின்றுபோனது என்று அதை வைத்துத் தேடிவிடலாம். அதே பதிவு இன்னொரு வேலைக்கும் உதவும். வரிசை நடுவில் நின்று மறுபடி ஓடும்போது, ஐடி ஏற்கெனவே இருக்கும் ரசீதுகளைத் தாண்டிச் செல்லும்படி நிரலில் ஒரு நிபந்தனை எழுதிவிடுங்கள்.